பலர் கைபடும் பொதுவேடு

அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையம் இக்காலத்தார்க்குச் சுண்ணாம்புக்கல்லாலும் சிமெண்டுத் தொழிலாலும் அறிமுகமான ஊர். அம்மாவட்டத்தின் தென்பால், கொள்ளிடத்தின் வடகரையில், மூவர் பாடலும் பெற்ற திருமழபாடி விளங்குகின்றது. ஓரூரிற் கல் பொடியாகின்றது. மற்றோரூரிற் கல் ஏடாகி ஆயிரமாண்டு நின்றது. அத்திருமழபாடியில் கி.பி. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தே நிகழ்ந்ததொரு செயல், இன்று கணிப்பொறியிற் பலர் கூடிக் கையாளும் பொதுவேடு அமைப்பார் ஆராயும் வினாவொன்றிற்கு நேரே விடை பகர்வதாயிருத்தல் கருதத்தக்கது.

முதலாம் இராசராச சோழன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1012-13இல், திருமழபாடித் திருக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதுக்குமாறு ஆணையிட்டான். ஆணை அவ்வளவில் நின்றிலது. சுவர்களைப் பிரிக்குமுன் அவற்றிலுள்ள கல்வெட்டுக்களையெல்லாம் பொத்தகத்திற் படியெடுத்துக்கொள்ளவேண்டும் என்பதும் அதன் பகுதியாயிற்று. பின்னர் அவன் மைந்தன் முதலாம் இராசேந்திரனது 14ஆம் ஆண்டில், 1025-26இல், அப்பொத்தகத்திலிருந்தவை புதிய சுவர்களில் மீண்டும் வெட்டப்பெற்றன. இடையிற் சென்றவை ஏறக்குறையப் பதின்மூன்று ஆண்டுகள். அக்காலமுழுதும் அக்கோயிலின் நிலங்களும் விளக்குகளும் நிவந்தங்களும் ஓரேட்டுக் கட்டினையே சான்றாகக்கொண்டு நின்றன என்பது போதரும். இதற்குமுன் செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவலைக் கற்றளியாக எடுப்பித்த பொழுதும் பழைய கல்வெட்டுக்கள் இவ்வாறே படியெடுத்து மீள வெட்டப்பட்டன. பழங்கல்லின் படி இது என்ற குறிப்பும் உடன் சேர்க்கப்பட்டது. புதிய எழுத்தைப் பழைய எழுத்தாகக் காட்டாமல், படியைப் படியென்றே சொல்லிவைத்த நேர்மை அக்குறிப்பின்கண் உள்ளது.

கட்டடம் புதியதாகலாம், கணக்கு அறுபடலாகாது. இத்துணிபே பொதுவேட்டு அமைப்பிற்கு முதல்.

தரவுத்தளம் என இக்காலத்தார் வழங்குவது யாதெனின், பலவகைச் செய்திகளை ஒழுங்குபடக் கணிப்பொறியிலிட்டு, வேண்டுவார் வேண்டியவாறு எடுத்துக்கொள்ளவும் திருத்திக்கொள்ளவும் அமைத்ததொரு கருவூலமாம். ஒருவரே எழுதி ஒருவரே படிப்பதாயின் அதன் அமைப்பில் அருமையொன்றுமில்லை. பலர் ஒருங்கே எழுதுங்காலத்தேதான் இடர் தோன்றும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் அறியாமலே அழித்துவிடுதல், பாதி எழுதிய நிலையில் ஏடு நின்றுவிடுதல், இன்னார் எழுதினார் என்பது தெரியாதொழிதல் என இவை அவ்விடரின் வகைகள். சோழர் காலத்து வரிக்கணக்கர் இவற்றையெல்லாம் எதிர்ப்பட்டனர் என்பதற்கு அவர் விட்டுச்சென்ற செப்பேடுகளே கரி.

1905ஆம் ஆண்டிற் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. முதலாம் இராசேந்திரன் தன் 6ஆம் ஆண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவற்குத் தேவதானமாக்கியதை அவை கூறுகின்றன. அரசன் வாய்ச்சொல் உடனே சாசனமாகிவிடவில்லை. சொல்லைக் கேட்டோர் திருவாய்க்கேள்வியார். அதனை ஓலைப்படுத்தினார் திருமந்திரவோலை எழுதுவார். எழுதியது சரியென ஒப்பினார் திருமந்திரவோலை நாயகம். பின்னர் விடையிலதிகாரிகள், உடன்கூட்டத்ததிகாரிகள். அதன்மேற் புரவுவரித் திணைக்களத்தார், வரிப்பொத்தகத்தார், முகவெட்டிகள், கீழ்முகவெட்டிகள், வரிப்பொத்தகக் கணக்கர், வரியிலீடு செய்வார், பட்டோலை எழுதுவார் எனப் பலர். சோழர் செப்பேடுகளில் இப்பதவிகளும் அவற்றிலிருந்தாரின் பெயர்களும் அடுக்கடுக்காக வருவதைப் படிப்பார், அரசவையின் ஆரவாரமென்று எண்ணிக் கடந்துவிடுதல் உண்டு. அஃது ஆரவாரமன்று. ஒவ்வொரு பெயரும் ஒரு பொறுப்பு. பிற்காலத்தே பிழையொன்று காணப்படின் எக்கையில் நேர்ந்ததென்று பின்னோக்கிச் செல்லுதற்கு இட்ட படி.

ஆனைமங்கலச் செப்பேட்டில் இன்னொன்று தெளிவாகும். இராசராசன் தன் 21ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்துச் சூளாமணிவர்ம விகாரத்திற்கு ஆனைமங்கலத்தை அளித்தான். சைவமன்னன் புத்தர் பள்ளிக்கு அளித்த இக்கொடை அவன் பொதுநோக்கிற்குச் சான்றாதல் ஒருபுறங் கிடக்க, அதன் பதிவுமுறையே ஈண்டைக்கு வேண்டுவது. அரசன் அவையில் வரியிலிடப்பட்டது ஒரு பாதி. நாட்டார் அவ்வோலையை எதிர்கொண்டு தலைமேல் வைத்து, பிடியானை சூழ்ந்து எல்லை நடந்து, அறவோலை செய்து கொடுத்தது மறுபாதி. அது முற்றியது 23ஆம் ஆண்டில். இவ்விரண்டும் நிறைவேறினாலன்றிக் கொடை கொடையாகாது. செப்பேட்டிற் பொறித்ததோ மைந்தன் இராசேந்திரன் காலத்தில். கணிப்பொறி நூலாருள் ஜிம் கிரே என்பார் 1978இல் எழுதிய குறிப்புகளில், வெவ்வேறிடத்துள்ள இரண்டு ஏடுகளில் ஒரே வினையைப் பதியுங்கால் இரண்டும் இசைந்தாலன்றி எதனையும் பதியலாகாது என்னும் இரு நிலை முறையை விளக்கினார். அவர் அதனை எந்திரத்தின் இடர்நோக்கிக் கண்டார். சோழநாட்டார் நிலத்தின் வழக்குநோக்கிக் கண்டனர். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததென்று கூறுவது பொருந்தாது. இடர் ஒன்றாகலின் தீர்வும் ஒத்தது, அவ்வளவே.

தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்களிலும் இவ்வகை நுட்பங்கள் பல. அங்குத் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர் குடியேற்றப்பட்டமை அறியப்பட்டதே. நானூறு பேரில் ஒரே பெயருடையார் பலரிருத்தல் இயல்பு. பெயரை மட்டும் எழுதிவைத்தால் ஒருத்தி பங்கை மற்றொருத்திக்கு அளந்துவிட நேரும். ஆதலின் எத்தெரு, எச்சிறகு, எத்தனையாவது வீடு, எவ்வூர் எத்தளியிலிருந்து வந்தவள் என இவையெல்லாம் சேர்த்து எழுதினர். ஒருவரோடொருவர் மயங்காதபடி ஒவ்வொரு பதிவிற்கும் தனியடையாளம் வேண்டுமென்பது தரவுத்தளத்தின் முதற்பாடம். இறந்துபட்டாளாயின் அவள் பங்கை உரிய முறையார் பெறுவரென விதித்தமையின், ஆள் மாறினும் பதிவின் இடம் மாறாது நின்றது.

நுந்தா விளக்கொன்றிற்குத் தொண்ணூற்றாறு ஆடு என்னும் கணக்கும் அத்தகையதே. ஆடு சாகும், மூக்கும், குட்டி ஈனும். எனினும் ஏட்டில் அவை சாவா மூவாப் பேராடுகள். எண்ணிக்கை தொண்ணூற்றாறினின்று குறையாதபடி பேணுதல் இடையர் கடன். நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் அதன் பயன். இடையர்க்குப் பிணைநின்றார் பெயரும் ஏட்டில் உண்டு. ஆட்டுக்கு ஈடாகப் பசுவாயின் நாற்பத்தெட்டு, எருமையாயின் பதினாறு. ஏட்டிலுள்ள எண் எக்காலத்தும் மீறப்படலாகாத வரம்பு என்று விதித்து, எவர் கைவைப்பினும் அவ்வரம்பிற்குட்பட்டே கைவைக்கச்செய்தல் இன்றைய பொதுவேட்டார்க்கும் அடிப்படை விதி.

இனி, ஏட்டின் வரிசையைப்பற்றியது. எட்கர் காட் என்பார் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆராய்ச்சிச்சாலையிலிருந்து 1970இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பலர் பகிர்ந்துகொள்ளும் பெரிய தரவுக் கருவூலங்கட்கு உரிய அமைப்பு இன்னதென்பது அதன் பொருள். அதற்குமுன் கணிப்பொறியிற் செய்திகள் எவ்வரிசையிற் கிடந்தனவோ அவ்வரிசையை அறிந்தாரே அவற்றை எடுக்கமுடியும். வரிசையை மாற்றினால் அதனைநம்பி எழுதிய நிரல்களெல்லாம் பழுதாம். காட் கூறியது, செய்தி வேறு அதன் கிடக்கை வேறு என்பது.

சைவர்க்கு இது புதிதன்று. தேவாரத்தைப் பண்முறையாகவும் ஓதுவர், தலமுறையாகவும் ஓதுவர். திருமழபாடிக்கே திரும்புவோம் எனின், அத்தலத்துக்குப் பதிகங்கள் ஆறு. ஆளுடைய பிள்ளையார் அருளியவை மூன்று: இரண்டாந் திருமுறையில் இந்தளப்பண்ணில் ஒன்று, மூன்றாந் திருமுறையிற் கொல்லியில் ஒன்று, கௌசிகத்தில் ஒன்று. அரசுகள் அருளிய திருத்தாண்டகங்கள் இரண்டு, ஆறாந் திருமுறையில். நம்பியாரூரர் அருளியது நட்டராகத்தில், ஏழாந் திருமுறையில். பண்முறைப் புத்தகத்தில் இவ்வாறும் நான்கு திருமுறைகளிற் சிதறிக்கிடக்கும். தலமுறைப் புத்தகத்தில் ஒருங்கே நிற்கும். அச்சுப் புத்தகத்திற் பதிப்பாசிரியர் இரண்டிலொன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும்; தெரிந்துகொண்டபின் மற்றைமுறை வேண்டுவார்க்கு அட்டவணையே துணை. பொதுவேட்டிலோ பதிகத்தை ஒருமுறையே எழுதி, அதன் பண், தலம், ஆசிரியர், திருமுறை என்பவற்றை உடன் குறித்துவிட்டால், ஓதுவார் பண்முறையிலும் தலயாத்திரை செய்வார் தலமுறையிலும் எடுத்துக்கொள்வர். ஒரு சொல்லைத் திருத்தினால் இருமுறையிலும் திருந்தும். இரண்டு படிகளாக எழுதிவைத்தோர், ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்து, எது மெய்யென்று பின்னர்த் திகைப்பர்.

பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் கீழ்த்திசை ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் 2007இல் வெளியிட்ட தேவார மின்பதிப்பு தி. வே. கோபாலையரின் பதிப்பை மூலமாகக் கொண்டது. வி. மு. சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதனுடன் இணைக்கப்பெற்றது. சான் லுக் செவ்வியாரும் ச. அ. ச. சர்மாவும் அதனைத் தொகுத்தனர். அதன் ஒவ்வொரு பாடலையும் எண்ணாற் சுட்டி மொழிபெயர்ப்போடு ஒத்துப் பார்த்தல் எளிது.

பலர் ஒருங்கே திருத்துதல் என்னும் அரிய பகுதிக்கு இனி வருதல் தகும். ஆவடுதுறையிலிருந்து ஒரு புலவரும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு புலவரும் ஒரே பதிகத்தைத் தத்தம் சுவடிகொண்டு ஒப்புநோக்குகின்றனர் என வைத்துக்கொள்க. இருவரும் காலையிற் பொதுவேட்டினின்று பதிகத்தைத் தம் கணிப்பொறிக்கு எடுத்தனர். முன்னவர் நண்பகலில் மூன்றாம் பாடலைத் திருத்தித் திரும்ப வைத்தார். பின்னவர் மாலையில் ஏழாம் பாடலைத் திருத்தி, தாம் எடுத்த பழைய படியின்மேலேயே முழுப்பதிகத்தையும் திரும்ப வைத்தார். மூன்றாம் பாடலின் திருத்தம் எங்கே போயிற்று? எவரும் அழித்திலர், எனினும் அழிந்தது. இருவரும் நல்லெண்ணமுடையார், இருவரும் தம் தொழிலைச் செவ்வனே செய்தார் என்பதே இதிலுள்ள கொடுமை.

இதனைத் தவிர்க்கும் வழிகளுள் ஒன்று பூட்டுதல். ஒருவர் எடுத்தால் அவர் திரும்ப வைக்குமளவும் பிறர் தொடலாகாது. பூட்டு எத்துணைப் பெரிதாயிருத்தல்வேண்டும் என்பதை ஜிம் கிரேயும் அவர் தோழரும் 1976இல் ஆராய்ந்தனர். முழு அறையையும் பூட்டின் காவல் எளிது, ஆயின் எல்லாரும் வாயிலிற் காத்துக்கிடப்பர். ஒவ்வோரேட்டையும் தனித்தனி பூட்டின் பலர் ஒருங்கே உழைக்கலாம், ஆயின் பூட்டுக்களை நோக்குதலே பெருவேலையாம்.

பூட்டின் தீங்கைச் சைவருலகம் நன்கறியும். திருமுறை கண்ட புராணம் கூறுமாறு, மூவர் திருப்பதிகங்கள் தில்லையில் ஓரறையிற் காப்பிடப்பட்டிருந்தன. மூவரும் ஒருங்கு வந்தாலன்றி அவ்வறை திறவாதென்பது தில்லைவாழந்தணர் கூறிய மறுமொழி. நம்பியாண்டார் நம்பியின் சொற்கேட்ட மன்னன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச்செய்து அறையைத் திறப்பித்தான். உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து எடுத்தவை சிலவே. வேண்டுமளவு வைத்தோம் என்ற இறைவன் வாக்கால் மன்னன் தேறினான் என்பது புராணம். அவ்வாறு தேறுதல் அன்பர்க்கு இயலும். ஏடு காப்பார் அக்கதையினின்று மற்றொன்றையும் கருதுதல் தகும்: வந்து திறத்தற்குரியார் இல்லாத பூட்டு கள்வனைத் தடுத்தது, செல்லைத் தடுத்திலது.

குங், ராபின்சன் என்னும் இருவர் 1981இல் வேறொரு வழி கூறினர். பூட்டவேண்டா, எவரும் எடுக்கலாம், திருத்தலாம், திரும்ப வைக்குங்கால் மட்டும், தாம் எடுத்தபின் இடையிற் பிறர் மாற்றினரா என்று நோக்கி, மாற்றியிருப்பின் நிறுத்துக என்பது அது. மோதல் அரிதாக நிகழுமிடத்து இது சிறந்தது. ஆயினும், வாரக்கணக்கில் ஒரு பதிகத்தோடு உழைத்த புலவரை இறுதியில், இடையில் மாறிற்று, முதலிலிருந்து செய்க என்று திருப்பியனுப்புதல் தகாது. இது கருதியே, எழுத்தாளரும் ஆராய்ச்சியாளரும் கூடியுழைக்கும் ஏடுகளுக்குப் பழைய நிலைகள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் அமைப்பு விரும்பப்பட்டது. லினக்சு என்னும் நிரற்றொகுதிக்காக லினசு தோர்வால்சு 2005இல் ஆக்கிய 'கிட்' அவ்வகையது. அதன்கண் ஒவ்வொரு மாற்றமும் செய்தார் பெயர், நாள், காரணம், எந்நிலையின்மேற் செய்யப்பட்டதென்பது ஆகிய நான்கோடும் நிற்கும். முன்னிலை அழிவதில்லை. இருவர் வெவ்வேறிடத்துத் திருத்தியவற்றை அது தானே சேர்க்கும். ஒரே வரியில் இருவரும் கைவைத்திருப்பின் தானொன்றும் துணியாது, இரண்டையும் காட்டி மனிதர் தீர்ப்பிற்கு விடும். எந்திரம் தன் அறியாமையை ஒப்புக்கொள்ளும் அவ்விடமே அதன் அமைப்பிற் பாராட்டத்தக்கது.

அற்றேல், பிழையென்று தெளிந்ததை ஏன் வைத்துக்கொள்ளவேண்டும், திருத்தியதே போதாதோ எனின், அற்றன்று. உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புக்களிற் பாடபேதங்களை அடியிற் குறித்து வைத்தனர். அவர் கொண்ட பாடத்தை ஏலாதாரும் அவர் கொள்ளாத பாடத்தை அவர் புத்தகத்திலேயே காண்பர். திருத்துதல் வேறு, அழித்தல் வேறு. முன்னிருந்ததைக் காட்டாது திருத்தும் பொதுவேடு, கல்வெட்டைப் படியெடாமற் சுவரைப் பிரித்த கட்டடத்தாரை ஒக்கும்; புதிய சுவர் எத்துணை அழகியதாயினும் நிவந்தத்திற்குச் சான்று போயிற்று.

இந்நோக்கில் தமிழ் மின்னூற் கருவூலங்களை ஆராயின் வேறுபாடு புலப்படும். சுவிட்சர்லாந்திலிருந்த கு. கலியாணசுந்தரம் முதலியோர் 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாட்டுத் தமிழன்பர்கள் ஊதியமின்றித் தட்டெழுதியும் பிழைநோக்கியும் அளித்த நூல்களைத் தொகுத்தது. சைவத் திருமுறைகள் பல அதன்வழியே உலகெங்கும் பரவின. ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் எழுதினார், பிழை நோக்கினார் பெயர்களைக் குறித்தமை நல்வழக்கு. ஆயினும் எந்த வரி எப்பொழுது யாரால் மாறிற்று என்பதை அக்கோப்பு கூறாது. அதனினின்று படியெடுத்த வேறு தளங்களிற் பெரும்பாலன தலைப்பிலிருந்த பெயர்களையும் விடுத்தன. ஒரு படியிலிருந்த பிழை நூறு படிகளாய்ப் பெருகியபின் அதன் பிறப்பிடம் அறிவது அரிது.

விக்கிமூலம் என்னும் பொதுக்கருவூலத்தின் முறை வேறு. அச்சுப்பக்கத்தின் படிமம் ஒருபுறம், தட்டெழுதியது மறுபுறம். ஒருவர் ஒப்புநோக்கி மெய்ப்புப் பார்த்ததாகக் குறிப்பார். அதனைச் சரிபார்த்து முடிவுசெய்தற்கு வேறொருவர் வேண்டும், முன்னவரே அதனைச் செய்ய ஏடு இடந்தராது. ஓலை எழுதினாரும் ஓலைநாயகமும் ஒருவராகாமை இங்கும் காக்கப்படுகின்றது.

சோழர் கல்வெட்டுக்களையே பொதுவேடாக்கும் முயற்சியும் புதிதன்று. நொபுரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மாட்சுயி ஆகிய மூவர், சோழர் கல்வெட்டுக்களில் வரும் ஆட்பெயர்களைக் கணிப்பொறித் துணையால் நிரல்படுத்தி 1978இல் மதுரையில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். புரவுவரித் திணைக்களத்தின் படிநிலைகளை ஆராய்வார்க்கு அது பெருந்துணை. 2019இல் ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் பொருளுதவியால் தொடங்கிய 'தர்மா' என்னும் திட்டத்தார் தமிழ்க் கல்வெட்டுக்களையும் உள்ளிட்டுத் தென்னாசிய, தென்கிழக்காசியக் கல்வெட்டுக்களைக் குறியீட்டு முறையில் எழுதி, 'கிட்' வழியே பல நாட்டறிஞர் கூடித் திருத்துகின்றனர். கல்லில் தெளிவாயுள்ள எழுத்து, தேய்ந்து ஐயத்திற்கிடனான எழுத்து, முற்றும் அழிந்து ஆசிரியரால் நிரப்பப்பட்ட எழுத்து, கல்தச்சன் பிழையாக வெட்டியதும் அதன் திருத்தமும் என இவை வெவ்வேறு குறியோடு நிற்கும்.

திருமழபாடிக் கல்வெட்டுக்கள் சுவரினின்று பொத்தகத்திற்கும், பொத்தகத்தினின்று புதுச்சுவருக்கும் சென்றமை கண்டோம். 1895இல் கல்வெட்டுத் துறையார் அச்சுவரினின்று மைப்படி எடுத்தனர். தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் ஐந்தாந் தொகுதியில் அவை அச்சேறின. அச்சிற் புள்ளியிட்டு விடப்பட்ட இடங்கள் அதிற் பல. அவற்றைக் கணிப்பொறியிற் பெயர்க்குங்கால் புள்ளிகளைத் தம் அறிவால் நிரப்புவார், அந்நிரப்பு கல்லினதன்று, தம்முடையது என்று அவ்விடத்தேயே குறித்துவைப்பின், பின்வருவார் கொள்ளிடக்கரைக்குச் சென்று சுவரோடு ஒத்துப் பார்க்கலாம்.